லிஃப்டுக்குள் வாங்கிய கிள்ளு: பெண் வேடமிட்ட ஆணைப் பார்த்து நாம் எங்கே சிரிக்கிறோம்?

இந்துநகர்க்காரர் எழுதியது:

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, இரவு உறைபனி விழும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த குளிரில், எங்கள் தெருவில் ஒரு வீட்டு முன்னறையில் பதினைந்து பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பில்லி வைல்டர் 1959இல் இயக்கிய 'சம் லைக் இட் ஹாட்' படத்தைப் பார்த்தோம். தேநீரும் வர்க்கியும் இருந்தன. மாதம் ஒரு பழைய படம் என்பது எங்கள் வழக்கம். இந்த முறை திரையைவிட அறைதான் என் கவனத்தை அதிகம் இழுத்தது. சுவரோரம் இருந்த பெண்கள் சிரித்த இடங்களில் ஆண்கள் சும்மா இருந்தார்கள். ஆண்கள் தொடையைத் தட்டிச் சிரித்த இடங்களில் பெண்கள் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அது ஏன் என்று கேட்கத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929ஆம் ஆண்டின் சிகாகோ நகரம். சாக்ஸபோன் வாசிக்கும் ஜோவும், டபுள் பேஸ் என்னும் ஆளுயரத் தந்திக் கருவியை வாசிக்கும் ஜெர்ரியும் ஒரு கொலைக் கும்பலின் கைவரிசையைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். உயிர் தப்ப வேண்டுமானால் ஊரைவிட்டுப் போக வேண்டும்; போவதற்குக் கிடைத்த ஒரே வழி, பெண்கள் மட்டுமே உள்ள ஓர் இசைக்குழுவில் ஜோசஃபினாகவும் டாப்னியாகவும் சேர்ந்து புளோரிடாவுக்கு ரயிலேறுவது. குழுவின் பாடகி சுகராக மர்லின் மன்றோ நடித்திருக்கிறார். ஜோவாக டோனி கர்ட்டிஸ், ஜெர்ரியாக ஜாக் லெமன்.

இடையில் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஊட்டி இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வாழ்நாளைக் கழித்தவன் நான். கறுப்பு வெள்ளைச் சுருளின் வாசனை இன்னும் விரல்களில் இருப்பதாகவே நினைப்பவன். இந்தப் படம் வண்ணத்தில் வர வேண்டும் என்பதுதான் மன்றோவின் விருப்பமாக இருந்தது. வண்ணத்தில் சோதித்துப் பார்த்தபோது இரண்டு ஆண்களின் முகத்திலும் பூசியிருந்த கனத்த ஒப்பனை பச்சை பூத்துத் தெரிந்ததால் வைல்டர் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினார். வேடத்தைக் காப்பாற்றியது சாம்பல் நிறம். முகச்சவரம் செய்த தாடையின் நீலத்தை வண்ணச் சுருள் மன்னிக்காது. கறுப்பு வெள்ளை மன்னித்துவிடும்.

இனி அறைக்கு வருகிறேன். ரயிலில் டாப்னியின் மேல் படுக்கைக்குள் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி வந்து நெரியும் காட்சிக்கு ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்கள் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு விடுதியில், ஆஸ்குட் என்னும் பணக்காரக் கிழவர் டாப்னியோடு லிஃப்டில் ஏறுகிறார். கதவு மூடுகிறது, மேலே போன லிஃப்ட் திரும்பி வருகிறது, கன்னத்தில் அறை விழுகிறது. உள்ளே நடந்தது காட்டப்படவில்லை. அதன்பின் அறைக்கு வந்த ஜெர்ரி, தன்னைக் கிள்ளிவிட்டான் என்று உண்மையான ஆத்திரத்தோடு புலம்புகிறான். தான் அழகாகக்கூட இல்லையே என்கிறான். அந்த இடத்தில் பெண்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு வசனங்கள் எங்களுக்குக் கேட்கவில்லை. ஆண்கள் திரும்பிப் பார்த்தோம், ஏதோ நம் வீட்டுக் கணக்கை அவர்கள் படித்துவிட்டதைப் போல.

என் எண்ணம் இது: வேட நகைச்சுவையில் சோதிக்கப்படுபவன் வேடமிட்டவன் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்த உடையைப் பார்த்தவுடன் எதிரில் நிற்பவர்கள் எப்படி மாறுகிறார்கள் என்பதுதான் அங்கே சோதிக்கப்படுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வெலிங்டன் வாசகி எழுதியது:

அண்ணா, சுவரோரம் உட்கார்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் முதல் பதிலை நானே எழுதுகிறேன்.

நாங்கள் சிரித்தது ஜெர்ரி கிள்ளு வாங்கினான் என்பதற்காக அன்று. அதைப் போய் ஒருவனிடம் முறையிட்டபோது, கேட்டவன் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லையே, அதற்காக. பாவாடை கட்டியிருந்தால் போதும், அழகெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை என்ற பொருளில் ஜோ பதில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறான். மேட்டுப்பாளையம் பேருந்தில் நாற்பது ஆண்டுகள் மலையேறி இறங்கிய எங்களுக்கு அந்தப் பதில் மனப்பாடம். அதை ஓர் ஆண், இன்னோர் ஆணிடமிருந்து, முதல் முறையாகக் காதால் கேட்டுத் திகைத்து நிற்பதைப் பார்க்கக் கிடைத்தது எங்களுக்குப் பெரிய விருந்து.

உங்கள் முடிவோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். படத்தில் இரண்டு வேடங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. டாப்னி உடம்பால் கற்கிறாள். குதிகால் உயர்ந்த காலணியில் தடுமாறியபடி, இதில் எப்படித்தான் நடக்கிறார்களோ என்று வியந்து, முன்னால் போகும் சுகரைப் பார்த்துக்கொண்டே நடக்கும் அந்த ரயில் மேடைக் காட்சியிலிருந்து கிள்ளு வரைக்கும் அவனுக்கு ஒவ்வொன்றும் உடம்பில் படுகிறது. ஜோசஃபின் அப்படியில்லை, அவள் காதால் கற்கிறாள். சாக்ஸபோன் வாசிக்கும் ஆண்களிடமே மனத்தைக் கொடுத்து ஏமாந்து போவது தன் வழக்கம் என்று, எதிரில் இருப்பவள் பெண் என்ற நம்பிக்கையில் சுகர் மனம் திறக்கிறாள். கேட்டுக்கொண்டிருப்பவன் சாக்ஸபோன் வாசிப்பவன். கேட்டதை வைத்து அவன் என்ன செய்தான்? எண்ணெய் நிறுவன வாரிசாக இன்னொரு வேடம் கட்டி, அவள் சொன்ன ஆசைகளை ஒவ்வொன்றாகத் தன் மேல் ஒட்டிக்கொண்டு வந்து அவளை மயக்கினான். பெண் வேடம் அவனுக்குப் பாடமாக இருக்கவில்லை. ஒற்று வேலையாக இருந்தது. கடைசியில் மேடையில், பெண் உடையிலேயே, பாடிக்கொண்டிருக்கும் சுகரை முத்தமிட்டு உண்மையை வெளிப்படுத்துகிறான் என்பதற்காக நாம் அவனை மன்னித்துவிடுகிறோம். நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

தேயிலைத்தூள் எழுதியது:

மன்னிக்கவும், இந்த வகைப் படங்கள் மீதே எனக்கு ஒப்புதல் இல்லை. நம் திரைப்படங்களில் நகைச்சுவை நடிகர் புடவை கட்டி, குரலை இழுத்து, இடுப்பை ஆட்டி வரும் காட்சிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவற்றில் சிரிப்புக்குக் காரணம் ஒன்றே ஒன்று: ஆணாகப் பிறந்தவன் பெண்ணாகத் தோன்றுவது இழிவு என்ற எண்ணம். அந்தச் சிரிப்பின் அடி பெண்களின் மீதும் விழுகிறது, திருநங்கையரின் மீது அதைவிடக் கடுமையாக விழுகிறது. அமெரிக்காவில் எடுத்த பழைய படம் என்பதற்காக அதற்கு மட்டும் தத்துவப் பட்டாடை போர்த்த வேண்டுமா?

இந்துநகர்க்காரர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லும் படங்களை நானும் பார்த்துத் தலைகுனிந்திருக்கிறேன். அவற்றுக்காக வாதாடப் போவதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நடிகர்களுக்குப் பெண்ணைப் போல நடக்கவும் நிற்கவும் கற்றுத்தருவதற்காக, பெண் வேடத்தில் கயிற்றின் மேல் வித்தை காட்டிப் புகழ்பெற்றிருந்த பார்பெட் என்ற கலைஞரை வரவழைத்தார்கள். கர்ட்டிஸ் அவரிடம் ஆர்வமாகக் கற்றுக்கொண்டார். லெமனோ அவ்வளவு நேர்த்தி தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள்: தான் நடிப்பது பெண்ணை அல்ல, பெண்ணாக நடக்கத் திண்டாடும் ஓர் ஆணை என்பது அவருடைய கணக்கு. ஆகவே அங்கே நாம் சிரிப்பது அந்த ஆணின் அறியாமையைப் பார்த்து. நீங்கள் சொல்லும் இடுப்பாட்டக் காட்சிகளில் அறியாதவன் என்று யாருமே இல்லை. நடிகனுக்கும் எல்லாம் தெரியும், பார்ப்பவனுக்கும் எல்லாம் தெரியும். அதனால்தான் அவை வக்கிரமாகின்றன.

நம் மேடையின் கதையும் வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் சபைகளில் பையன்களே ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், கட்டினார்கள். சிவாஜி கணேசனும் நாடகத்தில் பெண் வேடம் கட்டியவர்தான். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சீதையாக வந்தவன் அழுதால் கொட்டகை அழுதது. வேடம் முழுமையாகப் பொருந்திவிட்டால் சிரிப்புக்கு இடமில்லை. பொருந்தாத இடைவெளியில்தான் சிரிப்பு முளைக்கிறது. அந்த இடைவெளி யாரைச் சுடுகிறது என்பதுதான் படத்துக்குப் படம் மாறுகிறது.

கூடலூரான் எழுதியது:

ஐயா, ஸ்திரீபார்ட் பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர்க் காமன் கூத்து நினைவுக்கு வந்துவிட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அங்கிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டிகளோடு கூத்தும் வந்தது. மாசி மாதத்தில் காமன் மரம் நட்டு, மதனுக்கும் ரதிக்கும் திருமணம் நடத்தி, சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிவதும் ரதி ஒப்பாரி வைப்பதுமாக அது முடியும். ரதி வேடம் ஆணுக்குத்தான்.

என் சித்தப்பா பல ஆண்டுகள் ரதி கட்டியவர். காப்புக் கட்டிவிட்டால் இறைச்சி கிடையாது, சாராயம் கிடையாது, வீட்டுக்குள் படுக்கை கிடையாது. என் அம்மாவின் கூறைப்புடவையைத்தான் கட்டிக்கொள்வார். பகலெல்லாம் மருந்தடிக்கும் கருவியை முதுகில் சுமந்தவர், தப்பு முழங்கத் தொடங்கியதும் வேறு ஆளாகிவிடுவார். அவர் ஒப்பாரி எடுத்தால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுவார்கள். அவரவர் செத்தவர்களை நினைத்து அழுவார்கள் என்று அம்மா சொல்வார். அங்கே ஒருவரும் சிரித்து நான் பார்த்ததில்லை. எனவே, ஆண் புடவை கட்டுவதே இழிவு என்று நம் மக்கள் நினைத்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி நினைக்க இடையில் எங்கோ நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

கொடை குறிஞ்சி எழுதியது:

இவ்வளவு தூரம் வந்தும் 'அவ்வை சண்முகி'யை யாரும் தொடவில்லையே என்பது எனக்கு வியப்பு. 1996 தீபாவளிக்கு வந்த படம், இயக்கம் கே.எஸ். ரவிக்குமார், வசனம் கிரேசி மோகன். 1993இல் வந்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்ற அமெரிக்கப் படத்தின் வழியில் எடுத்தது என்பது எல்லோரும் அறிந்ததே. மனைவியைப் பிரிந்த கணவன், தன் பிள்ளையின் அருகில் இருப்பதற்காக, வயதான பெண்ணாக வேடமிட்டு மனைவி இருக்கும் வீட்டிலேயே வேலைக்குச் சேரும் கதை; நம் படத்தில் அந்த வேடம் கமல்ஹாசனின் சண்முகி மாமி. அந்த மூலத்திலிருந்து அது விலகும் இடங்கள்தான் நமக்குச் சுவையானவை.

முதல் விலகல் பெயர். அவ்வையாராக மேடையில் வேடம் கட்டிப் பெயரோடு அந்தப் பட்டமும் ஒட்டிக்கொண்ட அவ்வை டி.கே. சண்முகத்துக்கான வணக்கம் அது. கமல்ஹாசன் சிறுவனாக இருந்தபோது அவருடைய குழுவில் பயின்றவர். ஆனால் அந்தப் பெயருக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. அவ்வையாரைப் பற்றி நம் பாட்டிகள் சொன்ன கதை என்ன? மணம் பேச வந்தவர்களிடமிருந்து தப்ப, இளமையிலேயே தனக்கு முதுமை வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதாவது, நம் மரபின் மிகப் பெரிய வேடதாரி ஒரு பெண். ஆண்களின் கண்ணிலிருந்து விடுபட்டுத் தெருத்தெருவாக நடக்கவும் அரசனுக்கு எதிரே பேசவும் அவள் அணிந்த வேடம் நரை. இப்போது படத்தைப் பாருங்கள். நரைத்த தலையும் மடிசாருமாக, அவ்வையின் பெயரையே சூடிக்கொண்டு வருகிற மாமியை ஆண்கள் விட்டுவைத்தார்களா? வேலைக்கு வைத்த பெரியவரான ஜெமினி கணேசன் ஒரு பக்கம், மணிவண்ணனின் முதலியார் மறுபக்கம் என்று இரண்டு கிழவர்கள் பின்னாலேயே அலைகிறார்கள். அவ்வைக்குப் பிள்ளையார் கொடுத்த வரம் சண்முகிக்குப் பலிக்கவில்லை. அந்தப் படத்திலுள்ள மிகக் கூர்மையான நகைச்சுவையாக நான் கருதுவது இதைத்தான். எழுதியவர்கள் எண்ணி எழுதினார்களோ இல்லையோ, இருக்கிறது.

இரண்டாவது விலகல் சாதி. அமெரிக்கப் படத்தில் அப்பா பாட்டியாக மாறினால் போதும். நம் ஊரில் பெண்ணாக மாறியது மட்டும் போதாமல், அந்த வீட்டுச் சமையற்கட்டுக்குள் நுழையத் தக்க மாமியாகவும் மாற வேண்டியிருக்கிறது. அதே வீட்டுக்குள் நாசர் நடித்த பாஷா, வாய் பேசாத பிராமணச் சமையற்காரராக வேடம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பேச்சையே விட்டுவிட்டவர். அவருடைய வேடத்துக்குப் புடவை தேவைப்படவில்லை, ஆனால் அவருடைய மௌனம் மாமியின் மடிசாரைவிடக் கனமானது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் படத்தின் முடிவில் பிரிந்த கணவனும் மனைவியும் சேர்வதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவனுக்கு அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். நம் படத்தில் சேர்த்துவைத்தார்கள். ஒரு வீட்டின் வேலைகளைப் பெண்ணாக இருந்து செய்து பார்த்தவன் திரும்பக் கணவனாக வந்தால் அந்த வேலைகளில் எதைச் செய்வான் என்று காட்ட ஒரே ஒரு காட்சி வைத்திருந்தால், சேர்த்துவைத்ததை நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

மலைரயில் எழுதியது:

ஒரு சிறு கேள்வி. ஆண் பெண்ணாக வேடமிட்டால் சிரிப்பு என்கிறோம். பெண் ஆணாக வேடமிட்டால் ஏன் யாரும் சிரிப்பதில்லை?

வெலிங்டன் வாசகி எழுதியது:

நல்ல கேள்வி. கே.பி. சுந்தராம்பாள் மேடையில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடம், கட்டியவர். 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் அவர்தான் நந்தனார். அதற்காக ஒரு லட்ச ரூபாய் ஊதியம் வாங்கினார் என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேசிய செய்தி. ஒரு பெண் வேட்டி கட்டி ஆண் அடியவராக நின்று பாடியதைச் சிரிப்பாக யாரும் எண்ணவில்லை. பின்னாளில் அதே அம்மையார் அவ்வையாராகத் திரையில் நடித்தார். அவ்வையார் வேடத்துக்குப் புகழ்பெற்ற இருவரில் ஒருவர் பெண்ணாக நின்ற ஆண், மற்றவர் ஆணாக நின்று பழகிய பெண் என்பது எனக்கு எப்போதும் இனிக்கும் செய்தி.

ஆனால் சிரிப்பு வராததற்குக் காரணம் மரியாதை மட்டும்தானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பெண் ஆணுடை அணிந்தால் அவள் மேலே ஏறுவதாகப் பார்க்கிறோம். ஏறுபவரைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? ஆண் பெண்ணுடை அணிந்தால் படியிலிருந்து வழுக்கி விழுந்ததாகப் பார்க்கிறோம். இந்த இடத்தில் தேயிலைத்தூள் தம்பி சொன்னதை நான் ஒதுக்க மாட்டேன். வைல்டர் படத்தின் சிறப்பு, விழுந்தவன் கொஞ்ச நேரத்தில் விழுந்ததையே மறந்துவிடுவதில் இருக்கிறது. ஆஸ்குட்டோடு விடியும் வரை ஆடிவிட்டு வந்து, படுக்கையில் கிடந்தபடி கையில் மராக்காஸ் என்னும் குலுக்குக் காய்களை ஆட்டிக்கொண்டு, தனக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று ஜெர்ரி பூரித்துப் போகிறானே, அந்தக் காட்சியில் அவன் முகத்தில் இழிவு எங்கே இருக்கிறது? அந்தக் குலுக்குக் காய்களை வைல்டர் கொடுத்தது, ஒரு வசனத்துக்கு எழும் சிரிப்பு அடங்கும் வரை அடுத்த வசனத்தை நிறுத்திப் பிடிக்கத்தான். எங்கள் அறையிலும் அந்த இடைவெளி முழுவதும் நிரம்பியது, அப்போது மட்டும் இருபுறமும் சேர்ந்து.

தேயிலைத்தூள் எழுதியது:

நேற்று இரவு படத்தைப் பார்த்துவிட்டேன். முன்பு எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நம் இடுப்பாட்டக் காட்சிகளைப் பற்றிய பாதி அப்படியே இருக்கட்டும்.

என்னை மாற்றியது இறுதிக் காட்சி. விசைப்படகில் ஜெர்ரி திருமணத்தைத் தட்டிக்கழிக்க ஒவ்வொரு காரணமாக அடுக்குகிறான்: தலைமுடியின் பொன்னிறம் இயற்கையானது அன்று, புகை பிடிப்பேன், ஒரு சாக்ஸபோன்காரனோடு குடித்தனம் செய்தேன், பிள்ளை பெற முடியாது. பெண்ணை மறுக்க ஊர் சொல்லும் காரணங்களின் முழுப் பட்டியல் அது! நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் இவற்றில் ஒன்று போதும் என்று எழுந்து போயிருப்பார்கள். ஆஸ்குட் ஒவ்வொன்றையும் மன்னித்துக்கொண்டே வருகிறார். கடைசியில் பொய்முடியைப் பிடுங்கி, நான் ஆண் என்று கத்தினால், குறை இல்லாதவர் யார் என்ற பொருளில் ஒரு வரி சொல்லிவிட்டுப் படகைச் செலுத்துகிறார். இதைவிட நல்ல வரி கிடைக்கும் வரை இருக்கட்டும் என்று வைல்டரும் அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய டயமண்டும் தற்காலிகமாக எழுதிவைத்ததாம் அது. வேடம் கலையும்போது எல்லாப் படங்களிலும் அதிர்ச்சியோ அடியோ விழும். இங்கே ஒன்றும் விழவில்லை. ஜெர்ரியின் முகம்தான் விழுகிறது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. லிஃப்டில் கிள்ளியவரும் படகில் அத்தனை பெருந்தன்மையோடு பேசுபவரும் ஒரே ஆள். படம் இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறக்கச் செய்கிறது.

வெலிங்டன் வாசகி எழுதியது:

மறக்கவில்லை தம்பி. அதற்குத்தான் கன்னத்தில் ஓர் அறை விழுந்ததே.

கூடலூரானிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் சித்தப்பாவுக்குச் சங்கடமில்லை என்றால் கேட்டுச் சொல்லுங்கள்: ரதி வேடத்தில் இருந்தபோது அவரை யாராவது கிள்ளியது உண்டா?

இந்துநகர்க்காரர் எழுதியது:

என் கேள்வியும் அதுவே. பதில் வரும் வரை இழையைப் பூட்ட வேண்டாம் என்று நெறியாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கூடலூரான் எழுதியது:

அக்கா, இன்று மாலை சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

வேடம் கட்டிய முதல் ஆண்டிலேயே நடந்ததாம். லயத்திலிருந்து காமன் மரத்தடிக்குத் தேயிலைச் சரிவு வழியாக இருட்டில் ஊர்வலம் போகையில், கூட்டத்தில் ஒருவன் இடுப்பில் கை வைத்துக் கிள்ளினான். யார் என்று தெரியும், பகலில் பக்கத்து வரிசையில் கவாத்து வெட்டுகிறவன், இவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன். விரதத்தில் இருந்ததால் திருப்பி அடிக்க முடியவில்லை, வாய் திறக்கவும் முடியவில்லை. கண்ணில் நீர் வந்ததாம். ஒப்பாரிக்கு முன்னாலேயே ரதிக்கு அழுகை வந்துவிட்டது என்று கூட்டம் மெச்சியது.

பார்த்தது என் அம்மா மட்டும். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஊர்வலத்தில் ரதிக்கு வலப்பக்கம் அம்மாவும் இடப்பக்கம் பாட்டியும் நடந்தார்கள். அது கூத்தின் முறை என்றுதான் இன்றுவரை நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது ரதி கட்டுகிற பையனுக்கும் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் நடக்கிறார்கள்.